25 சதுர மீட்டர் வயலும் முதுநிலைப் புள்ளியியலும்: காவிரிப் படுகையில் இணையவழிக் கல்விக்கு ஒரு பாடத்திட்ட வாதம்

பயன்பாட்டுப் புள்ளியியலில் முதுநிலைக் கல்வி பெற இன்று தஞ்சை மாவட்டத்து மாணவி ஊரைவிட்டுப் போக வேண்டியதில்லை. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இத்துறையில் பட்டயத்தையும் முதுநிலைப் பட்டத்தையும் தொலைநிலையில் நடத்துகிறது. 2003-இல் தொடங்கிய என்பிடெல், 2017-இல் வந்த ஸ்வயம் ஆகிய தளங்களில் நிகழ்தகவு முதல் பல்மாறிப் பகுப்பாய்வு வரை பாடங்கள் கிடைக்கின்றன. ஒரு பருவப் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் வழியே படிக்க இடமளித்துப் பல்கலைக்கழக மானியக் குழு 2021-இல் விதி வகுத்தது. கணக்கீட்டுக்கு உதவும் ஆர் மென்பொருளுக்கோ கட்டணமே கிடையாது.

கணக்கிடும் திறனை இவை நன்றாகவே வளர்க்கும். ஆனால் தரவு எப்படிப் பிறக்கிறது என்பதை மாணவி நேரில் அறியாதவரை அவர் பெறும் பட்டம் பாதிக் கல்விதான். அந்த மறுபாதியைக் கற்கக் காவிரிப் படுகையைவிடப் பொருத்தமான இடம் அரிது. அங்கே வீட்டிலிருந்தபடி படிப்பவருக்கு அந்த வாய்ப்பு வாசலிலேயே இருக்கிறது. இக்கட்டுரையின் வாதம் இதுவே.

சம்பா அறுவடையின்போது டெல்டா கிராமங்களில் நடக்கும் பயிர் அறுவடைப் பரிசோதனையை எடுத்துக்கொள்வோம். சமவாய்ப்பு எண்ணால் புல எண்ணைத் தேர்ந்து, அந்த வயலுக்குள் ஒரு புள்ளியையும் அவ்வாறே தேர்ந்து, 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம் கட்டி, அதிலுள்ள கதிரை அறுத்து, அடித்து, தூற்றி நெல்லை எடை போடுகிறார்கள். ஒரு ஹெக்டேரில் இத்தகைய சதுரங்கள் 400 அடங்கும். எனவே 12 கிலோ நெல் என்பது ஹெக்டேருக்கு 4,800 கிலோ ஆகிறது. ஈரப்பதத்துக்கான கழிவு தனி.

இந்தச் சதுரத்துக்குப் பின்னால் ஒரு நீண்ட அறிவு மரபு இருக்கிறது. 1920-களில் பீகார்–ஒரிசா மாகாணத்தில் ஜான் ஹப்பக் நெல் வயல்களில் சமவாய்ப்பு முறையில் மாதிரி அறுவடை செய்து, 1927-இல் முடிவுகளை வெளியிட்டார். அந்த வேலை புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷரையே ஈர்த்தது. பின்னர் வங்கத்தில் புள்ளியியலாளர் மகலனோபிஸ் சிறிய வெட்டுப் பரப்புகளைக் கொண்டு பெரிய அளவில் ஆய்வுகள் நடத்தினார். சிறிய பரப்பு விளைச்சலை மிகுத்துக் காட்டும் என்று வாதிட்டார் மற்றொரு புள்ளியியலாளர் பி. வி. சுகாத்மே. காரணம் எளிய வடிவியல்தான். எல்லைக் கயிற்றைத் தொடும் கதிரை உள்ளே சேர்க்கும் பழக்கத்தால் ஒவ்வொரு பக்கமும் 5 சென்டிமீட்டர் வெளியே நகர்ந்துவிட்டது என்று கொள்வோம். 5 மீட்டர் சதுரத்தில் பரப்பு 25-இலிருந்து 26.01 சதுர மீட்டராகும். மிகை 4 விழுக்காடு. 1 மீட்டர் சதுரத்தில் அதே கைப்பிழை 21 விழுக்காடு மிகையாகிவிடும். மாதிரியின் எண்ணிக்கையை எவ்வளவு கூட்டினாலும் இந்தப் பிழை குறையாது. முறைசார் பிழைக்கும் சமவாய்ப்புப் பிழைக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பாடநூல் உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

இனி, இந்தப் பரிசோதனையின் முடிவை நம்பியிருக்கும் பயிர்க் காப்பீடு. 2016-இல் நடைமுறைக்கு வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், ராபி பருவ உணவுப் பயிருக்கு உழவர் செலுத்துவது காப்பீட்டுத் தொகையில் 1.5 விழுக்காடு. கடந்த 7 ஆண்டுகளில் சிறந்த 5 ஆண்டுகளின் சராசரியை ஈட்டுறுதி அளவால், அதாவது காப்பளிக்கும் விகிதத்தால், பெருக்கினால் உத்தரவாத மகசூல் கிடைக்கும். நடப்பாண்டு மகசூல் அதற்குக் கீழே போனால், குறைந்த விகிதத்துக்கு ஏற்ப இழப்பீடு. கிராம அளவில் முக்கியப் பயிருக்குக் குறைந்தது 4 பரிசோதனைகள் போதும் என்பது விதி.

நான்கு. முதுநிலை மாணவி நின்று யோசிக்க வேண்டிய எண் இது. ஒரு கிராமத்தில் வயலுக்கு வயல் மகசூலின் திட்ட விலக்கம் 900 கிலோ என்று கொள்வோம். நான்கு சதுரங்களின் சராசரிக்குத் திட்டப் பிழை 450. கட்டின்மை எண் 3 என்பதால் 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளி இருபுறமும் சுமார் 1,430 கிலோ விரியும். உத்தரவாத மகசூல் 4,500 கிலோவாக இருக்க, கிராமத்தின் உண்மை மகசூல் 4,050-க்கு விழுந்துவிட்டது, அதாவது உண்மையாகவே 10 விழுக்காடு இழப்பு என்றால், இயல்நிலைப் பரவலின்படி அத்தகைய கிராமங்கள் ஆறில் ஒன்றுக்கு ஒரு ரூபாயும் கிடைக்காது. மறுபுறம், இழப்பே இல்லாமல் உண்மை மகசூல் சரியாக 4,500-இல் நிற்கும் கிராமங்களில் பாதிக்கு ஏதோ ஒரு தொகை கிடைக்கும். உழவரின் குடும்பக் கணக்கைத் தீர்மானிக்கும் இந்தக் குலுக்கல் மழையாலோ பூச்சியாலோ வந்ததன்று. மாதிரி அளவால் வந்தது. அதைச் சொல்லத் தெரிந்த பட்டதாரிகள் டெல்டாவில் வேண்டும்.

கள நடைமுறை இதை மேலும் சிக்கலாக்குகிறது. அறுவடை இயந்திரம் கிடைத்த நாளில் உழவர் அறுத்துவிடுவார்; தேர்ந்த வயலில் அலுவலர் வரும்போது தாள்தான் மிஞ்சும். மாற்று வயலை எடுத்தால், விட்டுப்போனது சமவாய்ப்பாக விட்டுப்போனதா? முதலில் அறுக்கப்படுவது குறுகிய காலப் பயிரா, சாய்ந்த பயிரா? கல்லணைக்கு அருகே வெண்ணாற்றுப் பாசனத்தில் உள்ள நிலமும் வேதாரண்யம் பக்கத்துக் கடைமடையும் ஒரே தொகுதியாகக் கருதத்தக்கவையா? விடுபட்ட தரவு, அடுக்கு மாதிரி என்று காணொளியில் கேட்ட சொற்கள் இங்கே உயிர் பெறுகின்றன. அண்டைக் கிராமங்களிடமிருந்து வலிமை கடன் வாங்கும் சிறுபகுதி மதிப்பீட்டுக்கு புள்ளியியலாளர்கள் ஃபே, ஹெரியட் இருவரும் 1979-இல் தந்த மாதிரியுரு இந்தப் பிரச்சினைக்கென்றே செய்ததுபோல் பொருந்துகிறது. வடகிழக்குப் பருவமழை மேகங்களை ஊடுருவும் ரேடார் செயற்கைக்கோள் படங்களைத் துணைமாறியாக அதில் சேர்க்கலாம்.

களப்பணியை இணையவழியில் கற்பிக்க முடியாது என்பார்கள். பேராசிரியர் களத்தில் நிற்க முடியாது என்பது சரி. மாணவி நிற்க முடியும். சென்னை வளாக மாணவருக்குச் சம்பா வயல் ஒரு சுற்றுலா. திருவையாற்றிலோ மன்னார்குடியிலோ இருந்து படிப்பவருக்கு அது அடுத்த தெரு. அரசுத் தரவுகளைக் கையாள அனுமதி வேண்டும் என்ற தயக்கம் நியாயமானது. ஆனால் அலுவலர் அனுமதியுடன் பரிசோதனையை உடனிருந்து பார்க்கவும், தம் குடும்ப வயலிலோ உறவினர் வயலிலோ வெவ்வேறு அளவுச் சதுரங்களை அறுத்து ஒப்பிடவும் அரசுத் தரவு எதுவும் தேவைப்படாது.

ஆகவே, இணையவழி முதுநிலைப் படிப்பில் ஒரு பருவத்தின் ஆய்வேடாவது மாணவர் தாமே திரட்டிய தரவில் அமைய வேண்டும் என்பதைப் பல்கலைக்கழகங்கள் கட்டாயமாக்கட்டும். 1922 முதல் நெல்லாய்வு நடக்கும் ஆடுதுறை நிலையமும் மாநிலப் பொருளியல் புள்ளியியல் துறையும் இதற்கு வழிகாட்டிகளை ஒதுக்கித் தரவேண்டும். அடுத்த தை அறுவடைக்கே இதைத் தொடங்கலாம். இதற்குப் புதிய கட்டடமும் வேண்டாம், புதிய கருவியும் வேண்டாம்.