பரண்: காவல் மேடையும் வேட்டை மேடையும்

நமது பண்பாட்டு வரலாற்றை ஆராய்ந்தோர் கோயிலுக்கும் குளத்துக்கும் கோட்டைக்கும் அளித்த கவனத்தைப் பரணுக்கு அளித்தாரல்லர். மரக்கொம்புகளையும் கொடிகளையும் கொண்டு ஒரு பருவத்துக்கென அமைக்கப்பட்டு, அறுவடை முடிந்ததும் அழியவிடப்படும் ஒன்று தொல்லியற் சான்றாக எஞ்சுவதில்லை என்பது இதற்கொரு காரணமாகலாம். ஆயினும் காட்டோரத்தில் வாழ்ந்த மனிதன் விலங்குகளை எவ்வாறு எதிர்கொண்டான் என்பதை அறிவதற்குப் பரணினும் சிறந்த சான்று அரிது. பரணை யார், எதற்காக அமைத்தனர்? அதில் ஏறியவனுடைய உயிருக்கு எது காப்பாக இருந்தது? இவ்விரு வினாக்களையும் இக்கட்டுரை சுருக்கமாக நோக்குகின்றது.

சங்க இலக்கியத்தில் இதணம், கழுது, பணவை எனப் பல பெயர்கள் பரணுக்கு வழங்குகின்றன. பெயர்ப் பெருக்கமே அதன் பயன்பாட்டுப் பெருக்கத்தைக் காட்டுகின்றது எனலாம். கபிலர் இயற்றிய குறிஞ்சிப்பாட்டில் மரத்தின்மீது கட்டப்பட்ட, புலியும் அஞ்சத்தக்க இதணத்தில் ஏறித் தலைவி தினைப்புனத்தில் இறங்கும் கிளிகளை ஓட்டுகின்றாள். தழல், தட்டை, குளிர் என்பன அவளுடைய கருவிகள். அவை ஒலியெழுப்பி வெருட்டுவன, கொல்வனவல்ல. மலைபடுகடாத்திலோ கழுதின் உச்சியிலிருக்கும் கானவனுடைய அம்பினால் காட்டுப்பன்றி வீழ்ந்துகிடக்கின்றது. பரணில் இருப்பவனைச் 'சேணோன்', அதாவது உயரத்தில் இருப்பவன், என்றே புலவர் குறிப்பர். எனவே பயிர்க்காவலும் வேட்டையும் அக்காலத்தில் இருவேறு தொழில்களாகப் பிரிந்திருக்கவில்லை. ஒரே மேடை இரண்டுக்கும் உதவிற்று என்பது அவதானிக்கத்தக்கது.

இதே நிலையினை ஈழத்துச் சேனைப் பயிர்ச்செய்கையிலும் காண்கின்றோம். வரண்ட வலயத்துச் சிங்கள விவசாயி தன் காவற் குடிலைப் 'பெல' என்பான். யானை வரும் இடங்களில் அக்குடில் மரத்தின் மேலேறிவிடும். இரவு முழுவதும் உறங்காதிருப்பதற்காகவும், அடுத்த குடிலில் இருப்பவனுக்குத் தன் இருப்பை உணர்த்துவதற்காகவும் பாடப்பட்ட பாடல்கள் 'பெல் கவி' எனச் சிங்கள நாட்டார் இலக்கியத்தில் தனியொரு வகையாயின. வன்னித் தமிழர் மத்தியிலும் பன்றியைப் பொருளாகக் கொண்ட பண்டிப்பள்ளு வழங்கிவந்துள்ளது. மொழி வேறாயினும் இரவின் அச்சமும் அதனை வெல்லும் வழியும் ஒன்றே.

காலனித்துவ காலத்தில் பரணின் வரலாறு ஒரு திருப்பத்தை அடைந்தது. இந்தியாவில் ஆங்கிலேய வேட்டையாளர் அதனை 'மச்சான்' என அழைத்தனர். 'மஞ்ச' என்னும் வடசொல்லின் வழிவந்த இச்சொல், நாம் கட்டிலைக் குறிக்க வழங்கும் மஞ்சம் என்பதற்கு உறவுடையது. பெயர் பொருத்தமானதே, கயிற்றுக் கட்டிலையே கிளைகளிற் பிணைத்துப் பரணாக்குவது வழக்கமாயிருந்தது. ஆயின் இங்கு பரணைக் கட்டுபவன் ஒருவன், அதிலிருந்து சுடுபவன் மற்றொருவன் என்றாயிற்று. 1918 முதல் 1926 வரை இமயமலைப் பகுதியில் 125 பேரைக் கொன்றதாகப் பதிவான உருத்திரப்பிரயாகைச் சிறுத்தையை, 1926 மே மாதத் தொடக்கத்தில் ஜிம் கோர்பெற் மாமரத்துப் பரணிலிருந்து சுட்டு வீழ்த்தினார். அவருடைய பெயர் உலகறிந்தது. அக்காலத்து எண்ணிறந்த பரண்களைக் கட்டிய கிராமத்தவருடைய பெயர்களோ வேட்டை நூல்களில் அரிதாகவே இடம்பெறுகின்றன.

ஆயினும் வேட்டையாளனின் உயிர் துப்பாக்கியைக் காட்டிலும் அக்கட்டுமானத்திலேயே பெரிதும் தங்கியிருந்தது. உயரம் மட்டும் காப்பாகாது. சிறுத்தை மரமேற வல்லது. யானை சிறுமரத்தைச் சாய்க்க வல்லது. இவ்விரண்டினும் நிச்சயமான ஆபத்து, ஏறியவன் தவறி விழுதல். ஆகவே பட்ட மரத்தையும் உளுத்த கிளையையும் விலக்கி, உயிருள்ள பருமரத்தைத் தேர்தல் முதல் விதியாகும். கவைகளிற் குறுக்குக் கம்புகளை இறுகப் பிணைத்து, ஆளேறுமுன் பாரமேற்றிச் சோதித்தல் இரண்டாவது. ஆயுதத்தைக் கையிற் கொண்டு ஏறாது, குண்டு நீக்கிய பின் கயிற்றினால் மேலே இழுத்துக்கொள்ளுதல் மூன்றாவது. காயம்பட்ட விலங்கு கீழே மறைந்திருக்கக்கூடும் ஆதலின் இருளில் இறங்காது விடியும்வரை காத்திருத்தல் நான்காவது.

பின்னர் சட்டம் வேட்டையைக் கட்டுப்படுத்தியது. இலங்கையில் 1937ஆம் ஆண்டின் விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும், இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் இவ்வகையிற் குறிப்பிடத்தக்கன. மரமேடை வேட்டை இன்றும் சட்டபூர்வமாக நடைபெறும் வட அமெரிக்காவில், வேட்டையாளர் காயமடைவதற்கான முக்கிய காரணங்களுள் மேடையிலிருந்து விழுதலும் ஒன்றாகும். உடலைச் சுற்றி அணிந்து மரத்தோடு பிணைக்கும் பாதுகாப்பு வார், ஏறும்போது இரு கைகள் இரு கால்கள் என்னும் நான்கில் மூன்றேனும் எப்பொழுதும் பற்றியிருத்தல், வெற்றுத் துப்பாக்கியைக் கயிற்றினால் உயர்த்துதல் ஆகியன அங்கு வேட்டையாளருக்குப் போதிக்கப்படுகின்றன. இவற்றுள் இறுதி விதி நாம் மேலே கண்டதே.

நமது நாட்டிலோ வேட்டையாளன் இறங்கிய பின்னும் பரண் வெறுமையாகவில்லை. அது தன் முதற் பணியாகிய காவலுக்கே மீண்டுள்ளது. 2023ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் மனித-யானை முரண்பாட்டின் விளைவாக 150க்கு மேற்பட்ட மனிதரும், அவ்வாண்டில் 400க்கு மேற்பட்ட யானைகளும் மாண்டமை பதிவாகியுள்ளது. இவ்வெண்ணிக்கைகளுக்கிடையில், ஒரு தீப்பந்தமும் சில வெடிகளும் கொண்டு மரத்தின்மேல் விழித்திருக்கும் விவசாயி இருக்கின்றான். பொழுதுபோக்குக்காக மேடையேறுபவனுக்கு வார், ஏணி, பயிற்சி யாவும் உண்டு; உணவுக்காக ஏறுபவனுக்கோ முன்னோர் கற்பித்த முடிச்சு மட்டுமே உண்டு. அம்முடிச்சைப் பதிவு செய்தல் வரலாற்று மாணவரின் கடன். அதனோடு ஒரு பாதுகாப்பு வாரையும் உறுதியான ஏணியையும் சேர்த்தளித்தல் அவன் விளைத்ததை உண்ணும் சமூகத்தின் கடன்.