கண்டி மலையகக் குடும்பங்களும் மனநோயும்: நம்பிக்கையின் வரலாறு

கடுமையான மனநோய்க்கு ஆளான ஒருவர் மீண்டு வருவார் என்று அவரது குடும்பம் நம்புவதைக் கீழைப் பண்பாட்டின் மாறா இயல்பாகக் கொள்ளும் போக்கு ஆய்வுலகில் உண்டு. கண்டியிலும் அதனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலும் அந்நம்பிக்கை கடந்துவந்த பாதையை நோக்கும்போது, சட்டமும் தொலைவும் மொழியும் நாட்கூலியும் அதற்கு இடமளித்ததையும் அதைக் குலைத்ததையும் காணலாம்.

இலங்கையில் பித்துற்றோரைக் காவலில் வைப்பதற்கான முதற் கட்டளைச் சட்டம் 1839இல் இயற்றப்பட்டது; அதனைத் தொடர்ந்து பொரளையிலும், 1926இல் அங்கொடையிலும் காப்பகங்கள் எழுந்தன. இவை யாவும் கொழும்பையும் அதன் அயலையும் சார்ந்தவை. 1873ஆம் ஆண்டுச் சட்டம் நோயாளரை நீதிமன்ற விசாரணையின் வழியே காப்பகத்துக்கு அனுப்பியதால், நோய் வீட்டாரின் கவலையாக மட்டுமன்றி, நீதிமன்றம் தீர்ப்பளிக்கும் வழக்காகவும் மாறியது. கண்டிக்கு 1867இலேயே இரயில் வந்துவிட்டபோதும், தோட்ட வருகைப் பதிவில் ஒரு நாள் பெயர் விழாவிட்டால் அந்நாட் கூலியை இழக்கும் தோட்டத் தொழிலாளிக்கு அங்கொடை எட்டாத தொலைவே. அங்கு அனுப்பப்பட்டவர் திரும்பமாட்டார் என்ற அச்சம் இத்தொலைவிலிருந்தே வலுப்பெற்றிருக்க வேண்டும்.

ஆகவே நம்பிக்கை வேறிடங்களை நாடியது. சிங்களவரும் தமிழரும் வழிபடும் கண்டிக் கதிர்காமத் தேவாலயமும், மாத்தளை முத்துமாரியம்மன் கோவிலும் நேர்த்திக்கடன் வைக்கும் தலங்களாயின. நோய்க்குச் செய்வினையோ தெய்வக் குற்றமோ காரணம் என்ற விளக்கம், பழியை நோயாளர்மீது சுமத்தாமல், வந்தது போய்விடும் என்று காத்திருக்க இடமளித்தது. இதனை மிகைப்படுத்திப் போற்றலாகாது. குணம் நாடி மனநோயாளரைத் தர்காவுக்குக் கொண்டுவரும் தமிழ்நாட்டின் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று மூண்ட தீயில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த நோயாளர் உட்பட 28 பேர் மாண்டனர். அவர்களுள் பலரை அங்கே கொண்டுவந்து விட்டதும் குணமாகும் என்ற அதே நம்பிக்கைதான்.

சிந்தனையும் புலனுணர்வும் குலையும் மனச்சிதைவு நோயின் போக்கை இலங்கையில் ஆராய்ந்த நான்சி வாக்ஸ்லர், முதன்முறையாகச் சிகிச்சைக்கு வந்த 44 பேரை ஐந்தாண்டுகள் கழித்து மீண்டும் நோக்கி, 1979இல் முடிவுகளை வெளியிட்டார். மேலைத் தொழில்மய நாடுகளைக் காட்டிலும் இங்கு மீட்சி சிறந்திருந்ததற்கு, நோயைத் தற்காலிகமானதாகக் கருதிய குடும்பங்கள் நோயாளரை விரைவில் பழைய பொறுப்புகளுக்கு ஏற்றுக்கொண்டதே காரணம் என்பது அவர் வாதம். தென் கலிபோர்னியாவின் மெக்சிக்க வம்சாவளிக் குடும்பங்களில் நோயாளரைக் கடுமையாகக் குறைகூறும் போக்கு குறைவு என 1980களில் கண்டறிந்த ஆய்வுகளும் இதனோடு ஒப்பிடத்தக்கவை.

எனினும் ஏற்றுக்கொள்வதற்கு ஆட்கள் வேண்டும். 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமை பறிக்கப்பட்டு, இந்தியாவுடன் செய்த 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்குரியவராகக் கணக்கிடப்பட்டபோது, ஒரே லயத்தில், அதாவது தோட்டக் குடியிருப்பு வரிசையில், அடுத்தடுத்த காம்பராக்களில் வாழ்ந்த உறவுகள் பிரிய நேர்ந்தது. பெற்றோர் கொழுந்து பறிக்கச் செல்கையில் நோயாளரைக் கவனித்த சித்தியும் மாமனும் கப்பலேறிய பின், நம்பிக்கையின் முழுச் சுமையும் எஞ்சிய ஓரிருவர்மீது இறங்கியது. மலையக மனநல வரலாற்றில் இவ்விழப்பு உரிய இடம் பெறவேண்டும்.

பேராதனையில் 1962இல் தொடங்கிய மருத்துவ பீடமும் 1980இல் திறக்கப்பட்ட போதனா வைத்தியசாலையும் மருத்துவத்தைக் கண்டிக்கு அருகே கொண்டுவந்தன. மருத்துவத்தில் குடும்பத்துக்கும் இடமளிக்கலாம் என்பதற்கு முன்மாதிரி உண்டு: தமிழ்நாட்டின் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1957 முதலே உறவினரை நோயாளருடன் தங்கவைத்துச் சிகிச்சையின் பங்காளிகளாக்கியது. குடும்பத்தின் பங்கை மருத்துவமே ஏற்கும் இவ்வழி மலையகத்துக்கும் பொருத்தமானது. இலங்கையின் 2005ஆம் ஆண்டு மனநலக் கொள்கை சிகிச்சையை மாவட்டங்களுக்குப் பரவலாக்கித் தலைநகரின் பெருங்காப்பகத்தைச் சார்ந்திருக்கும் நிலையைக் குறைக்க முனைந்தது. தமிழ் 1987இல் ஆட்சிமொழியானபோதும், கேட்கும் குரல்களைத் தன் மொழியில் விவரிக்க ஒரு தோட்டத்துத் தாய்க்குத் தமிழறிந்த மருத்துவரோ தாதியரோ வேண்டும். மாதந்தோறும் கிளினிக் செல்லும் நாளில் விழாத பெயருக்கும் ஈடு வேண்டும். சட்டமும் பின்தங்கியே இருந்தது: 2005ஆம் ஆண்டுக் கொள்கை வெளியான வேளையிலும், 1956இல் திருத்தப்பட்ட 1873ஆம் ஆண்டுச் சட்டமே நடைமுறையில் இருந்தது.