குய்லின் இடைவழிப் பயணம்

ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போகும் வழியில் சீனாவில் இறங்கி, விசா எடுக்காமலேயே தென்சீனாவின் குய்லின் மலைநிலத்தைச் சில நாள் சுற்றிப் பார்த்துவிட்டுப் புறப்படுவது குய்லின் இடைவழிப் பயணம். பயணிகள் பேச்சில் ‘டிரான்சிட் விசா விலக்கு’ எனப்படும் சலுகையே இதற்கு அடிப்படை. சீனக் குடிவரவு நிர்வாகம் 2024 டிசம்பர் 17 அன்று இச்சலுகையின் கால அளவை 240 மணி நேரமாக, அதாவது பத்து நாளாக, உயர்த்தியது. அதுவரை 72 மணி நேரமும் 144 மணி நேரமும் ஊருக்கு ஊர் மாறி இருந்தன; ஓடிப்போய் ஒரு மலையைப் பார்த்துவிட்டு ஓடி வரத்தான் அவை உதவின.

குய்லின், குவாங்சி சுவாங் தன்னாட்சிப் பகுதியின் வடகிழக்கில் உள்ளது. நகரம் என்று ஒரே சொல்லில் சொன்னாலும் நிர்வாகக் கணக்கில் அது ஏறத்தாழ 27,800 சதுர கிலோமீட்டர் பரப்பு. யாங்ஷுவோ, லோங்ஷெங், ஷிங்ஆன் முதலிய மாவட்டங்கள் அதற்குள் அடக்கம். 2020 கணக்கெடுப்பில் இதன் மக்கள்தொகை 49 லட்சத்தை ஒட்டியிருந்தது. பெயரின் பொருள் ‘குய் மரக் காடு’. இலையுதிர் காலத்தில் மணக்கும் சிறு பூக்களைச் சொரியும் மரம் அது. தெருவெல்லாம் அதன் வாசனைதான்.

சலுகையின் விதிகள்

இச்சலுகையின் உயிர்நாடி ‘மூன்றாம் நாடு’ விதி. சீனாவுக்குள் வந்த நாடும், சீனாவிலிருந்து போகும் நாடும் வேறுவேறாக இருக்க வேண்டும். லண்டனிலிருந்து குவாங்சோ வந்து லண்டனுக்கே திரும்புபவருக்கு இது கிடைக்காது. அவரே திரும்பும்போது ஹாங்காங் வழியாகப் போனால் கிடைக்கும். ஏனெனில் ஹாங்காங், மக்காவ், தைவான் மூன்றும் இவ்விதியில் தனிப் பகுதிகளாகக் கொள்ளப்படுகின்றன. பயணம் தொடங்கிய ஊரோ முடியும் ஊரோ கணக்கில் வராது. சீனாவில் இறங்குமுன் விமானம் கடைசியாகப் புறப்பட்ட நாடும், சீனாவை விட்டபின் முதலில் இறங்கும் நாடும்தான் பார்க்கப்படும். பலர் இடறுவது இங்கேதான். மலிவு விலைக்கு ஆசைப்பட்டுப் போகவரச் சேர்த்து டிக்கெட் எடுத்துவிட்டு, புறப்படும் ஊரின் செக்-இன் மேசையிலேயே தடுக்கப்படுகிறார்கள். எல்லை அதிகாரிக்கு முன்னால் இதைச் சரிபார்ப்பவர் விமான நிறுவன ஊழியர்தான் என்பதை நினைவில் வைப்பது நல்லது.

நாளும் இருக்கையும் உறுதி செய்யப்பட்ட அடுத்த பயணச் சீட்டு கையில் இருக்க வேண்டும். காத்திருப்போர் பட்டியலில் உள்ள சீட்டு செல்லாது. பாஸ்போர்ட்டுக்குக் குறைந்தது மூன்று மாதம் ஆயுள் மீதமிருக்க வேண்டும். சுற்றுலா, வணிகச் சந்திப்பு, உறவினரைப் பார்த்தல் ஆகியவற்றுக்குத் தடையில்லை. வேலை, படிப்பு, செய்தி சேகரிப்பு மூன்றுக்கும் முறையான விசா வேண்டும்.

240 மணி நேரக் கடிகாரம் இறங்கிய நொடியில் ஓடத் தொடங்குவதில்லை. மறுநாள் நள்ளிரவு 00:00 மணிக்குத்தான் தொடங்குகிறது. மூன்றாம் தேதி காலை பத்து மணிக்கு இறங்கியவருக்கு நான்காம் தேதி பிறக்கும்போது கணக்கு ஆரம்பம். பதின்மூன்றாம் தேதி முடியும் நள்ளிரவுக்குள் அவர் வெளியேறினால் போதும். காலையில் வந்திறங்குபவருக்குக் கிட்டத்தட்ட ஒரு பகல் இலவசம்.

யாருக்கு இது உண்டு? 2024 டிசம்பரில் 54 நாடுகள்; 2025 ஜூனில் இந்தோனேசியா சேர்ந்து 55 ஆயிற்று. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, ஐரோப்பிய நாடுகள் பலவும் அதில் உள்ளன. இந்தியாவும் இலங்கையும் இல்லை. எனவே சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ சொந்த நாட்டு பாஸ்போர்ட்டுடன் போகிறவர் சுற்றுலா விசா எடுத்தே ஆக வேண்டும். அனைத்து நாட்டவருக்கும் பொதுவாக உள்ள 24 மணி நேர இடைவழி விலக்கை நம்பிக் குய்லினுக்குத் திட்டமிடுவது வீண்; விமான நிலையத்துக்கு வெளியே போகவே தனி அனுமதி வேண்டும், அது கிடைத்தாலும் நேரம் போதாது. கனடாவிலும் ஐரோப்பாவிலும் குடியுரிமை பெற்ற ஈழத்தமிழர்களுக்குக் கதவு திறந்திருக்கிறது. சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களுக்கு இந்த வளைசுற்றே தேவையில்லை. சிங்கப்பூருடன் 2024 பிப்ரவரி 9 முதலும், மலேசியாவுடன் 2025 ஜூலை 17 முதலும் இருதரப்பு விசா விலக்கு ஒப்பந்தம் நடப்பில் உள்ளது. ஒருமுறை 30 நாள் வரை தங்கலாம், வந்த நாட்டுக்கே திரும்பலாம். ஆசியான் நாடுகளின் சுற்றுலாக் குழுக்களுக்குக் குய்லினில் 144 மணி நேரம் தங்கும் தனிச்சலுகை 2015-இலேயே வந்துவிட்டது.

எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது

விசா இல்லாமல் வந்தவர் சீனா முழுவதும் திரியலாம் என்று எண்ணக் கூடாது. சலுகை 24 மாநில அளவிலான பகுதிகளுக்கு உரியது. அவற்றிலும் சிலவற்றில் குறிப்பிட்ட மாவட்டங்களுக்குள் மட்டுமே. இந்த வரைபடம் ஆசை காட்டி ஏமாற்றக்கூடியது. சிச்சுவான் பட்டியலில் உண்டு. ஆனால் அம்மாநிலத்தின் புகழ்பெற்ற ஜியுஜாய்கோ பள்ளத்தாக்கு இருக்கும் ஆபா பகுதி இல்லை. யுன்னானில் லிஜியாங் உண்டு, ஷாங்ரி-லா இல்லை. குவாங்சியில் 12 நகரப் பகுதிகள் அனுமதிக்கப்பட்டவை. விடுபட்டவை பாய்செ, சோங்ஜுவோ இரண்டும். வியட்நாம் எல்லையில் விழும் தெத்தியன் அருவி சோங்ஜுவோவில் இருப்பதால், குய்லின் வந்தவர் அதையும் ஒரு நாள் பார்த்துவிடலாம் என்ற திட்டம் இச்சலுகையில் செல்லாது.

குய்லினின் சிறப்பே இங்குதான். மலை, ஆறு, குகை, படிவயல் எல்லாமே அனுமதிக்கப்பட்ட ஒரே நகர எல்லைக்குள் அடங்குகின்றன. இயற்கை அழகுக்காக மட்டும் இடைவழியில் இறங்குபவருக்குச் சீனாவில் இதைவிடச் சிக்கலற்ற இடம் குறைவு.

வந்து சேர்தல்

லியாங்ஜியாங் விமான நிலையம் நகரிலிருந்து ஏறத்தாழ 28 கிலோமீட்டர். அதுவும் சலுகைக்குரிய நுழைவாயில்தான் என்றாலும், அங்கு வரும் வெளிநாட்டு விமானங்கள் குறைவு, பருவத்துக்குப் பருவம் மாறுபவை. ஆகவே பெரும்பாலோர் குவாங்சோவில் இறங்கி அதிவேக ரயில் பிடிக்கிறார்கள். 2014 டிசம்பர் 26 அன்று திறக்கப்பட்ட குய்யாங்–குவாங்சோ ரயில்பாதை, முன்பு ஓர் இரவு பிடித்த பயணத்தை மூன்று மணி நேரத்துக்குள் கொண்டுவந்துவிட்டது. குவாங்தோங் மாநிலமும் சலுகைக்குள் இருப்பதால் மாநிலம் விட்டு மாநிலம் போக இப்போது தடையில்லை. ஹாங்காங்கின் மேற்கு கவ்லூன் நிலையத்திலிருந்தும் குய்லினுக்கு நேரடி ரயில் உண்டு. அந்நிலையம் 2025 நவம்பரில்தான் சலுகை நுழைவாயில்களில் சேர்ந்தது. அப்போது நுழைவாயில்களின் எண்ணிக்கை 60-லிருந்து 65 ஆயிற்று.

‘யாங்ஷுவோ’ என்ற பெயர்ப்பலகையை நம்பி இறங்குபவருக்கு ஓர் எச்சரிக்கை. அந்த ரயில் நிலையம் உண்மையில் ஷிங்பிங் ஊருக்கு அருகே உள்ளது. யாங்ஷுவோ ஊர் போய்ச்சேர இன்னும் ஒரு மணி நேரம் போலப் பேருந்தில் போக வேண்டும். ஷிங்பிங்கில் தங்குபவருக்கோ அதுவே வசதி.

மலைகளும் ஆறும்

குய்லின் மலைகள் தொடராக ஓடுவதில்லை. வயலுக்கு நடுவே ஒன்று, வீட்டுக்குப் பின்னால் ஒன்று என்று செங்குத்தாக நிற்கின்றன. ஒரு காலத்தில் கடலடியில் படிந்த சுண்ணாம்புப் பாறை இது. 35 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்டது. நிலம் மேலெழுந்தபின், கரியமில வாயு கரைந்த மழைநீர் பாறையின் வெடிப்புகளில் இறங்கி அதைக் கரைத்துக்கொண்டே வந்தது. கரையாமல் எஞ்சியவை இன்றைய சிகரங்கள். உள்ளே கரைந்து குடைந்தவை குகைகள். புவியியலாளர்கள் இவற்றை இரு வகையாகப் பிரிக்கிறார்கள். அடிவாரம் ஒன்றாக ஒட்டி, இடையில் குழிகளுடன் நெருங்கி நிற்பது சிகரக் கொத்து. சமவெளியில் தனித்தனிக் கோபுரமாக நிற்பது சிகரக் காடு. படகில் போகும்போது ஆற்றின் இருபுறமும் நெருக்குவது கொத்து. யாங்ஷுவோ வயல்களில் சைக்கிள் மிதிக்கும்போது கண்ணில் படுவது காடு. இரண்டும் இவ்வளவு தெளிவாக அருகருகே அமைந்ததால்தான், ‘கார்ஸ்ட்’ எனப்படும் இவ்வகைக் கரைந்த சுண்ணாம்பு நிலமான குய்லின், 2014-இல் தென்சீனக் கார்ஸ்ட் உலக மரபுச் சின்னத்தின் இரண்டாம் கட்டத்தில் சேர்க்கப்பட்டது. ஊர் ஊராக நடந்தே திரிந்து குறிப்பெழுதிய மிங் அரசமரபுக் காலப் பயணி ஷு ஷியாகே, 1637-இல் இங்கு வந்து குகைகளுக்குள் புகுந்து பார்த்திருக்கிறார்.

குய்லினின் அழகே உலகில் முதலாவது என்ற புகழ்ச்சி, தெற்கு சொங் காலத்து அதிகாரி வாங் செங்கோங் 1201-இல் எழுதிய கவிதையிலிருந்து வந்தது. தேர்வு எழுதப் புறப்பட்ட மாணவர்களுக்கு அளித்த விருந்தில் எழுந்த கவிதை அது; நகர நடுவிலுள்ள தூஷியு சிகரத்தின் பாறையில் செதுக்கப்பட்டிருக்கிறது. நகருக்குள் யானைத் துதிக்கை மலையும், தாங் காலத்து மை எழுத்துகள் உள்ள நாணல்குழல் குகையும் பார்க்க வேண்டியவை. குகையில் வண்ண விளக்குகளை அளவுக்கு மீறிப் போட்டிருக்கிறார்கள். கல்லின் சொந்த நிறம் தெரியவில்லை.

பயணத்தின் மையம் லி ஆறு. குய்லினிலிருந்து யாங்ஷுவோ வரை 83 கிலோமீட்டர் நீளும் பகுதியில், நகருக்குத் தெற்கிலிருந்து படகுகள் காலையில் புறப்பட்டு ஏறத்தாழ நான்கு மணி நேரம் மிதந்து செல்கின்றன. அதில் சாரமான பகுதி யாங்தி முதல் ஷிங்பிங் வரை. 20 யுவான் தாளின் பின்புறத்தில் அச்சிடப்பட்டிருப்பது ஷிங்பிங் ஆற்றுக் காட்சிதான்; கரையில் அந்தத் தாளைக் கையில் பிடித்துப் படமெடுப்போர் கூட்டம் எப்போதும் உண்டு. ‘மூங்கில் தெப்பம்’ என்று லி ஆற்றில் விற்கப்படுவது மோட்டார் பூட்டிய பிளாஸ்டிக் குழாய்த் தெப்பம். உண்மையான மூங்கிலில், கோலூன்றித் தள்ளும் ஓட்டுநருடன், சத்தமில்லாமல் போக வேண்டுமானால் கிளையாறான யூலோங்குக்குப் போக வேண்டும். ஒரு தெப்பத்தில் இருவர்தான். நீர்க்காகத்தைப் பழக்கி மீன் பிடிக்கும் முதியவர்கள் இப்போது மீனுக்காக நிற்பதில்லை, கேமராவுக்காக நிற்கிறார்கள்; கூலி கேட்பது நியாயமே.

லோங்ஷெங் மாவட்டத்தின் லோங்ஜி படிவயல்கள் வேறு உலகம். யுவான் அரசமரபுக் காலத்தில் தொடங்கி சிங் காலத் தொடக்கம் வரை சுவாங், யாவ் மக்கள் மலையைச் செதுக்கி உண்டாக்கியவை. ஏறத்தாழ 300 மீட்டரிலிருந்து 1,100 மீட்டர் உயரம் வரை ஏறுகின்றன. பிங்ஆன் சுவாங் ஊர். தாஜாய் யாவ் ஊர். ஒரே நாளில் போய்த் திரும்புவதாக விற்கப்படும் சுற்றுலாக்களில் பாதி நேரம் பேருந்திலேயே கழிகிறது. ஓர் இரவு மேலே மர வீட்டில் தங்கினால்தான் விடியலில் பள்ளத்தாக்கை மூடும் மேகம் காணக் கிடைக்கும். மே, ஜூனில் வயலில் நீர் நிற்கும். செப்டம்பர் கடைசியில் கதிர் பழுக்கும்.

நேரம் மிஞ்சினால் ஷிங்ஆனில் லிங்சூ கால்வாயைப் பார்க்கலாம். கி.மு. 214-இல் சின் பேரரசர் காலத்தில் வெட்டி முடிக்கப்பட்டது; 36 கிலோமீட்டர் நீளம். வடக்கே ஓடும் ஷியாங் ஆற்றையும் தெற்கே ஓடும் லி ஆற்றையும் இணைத்து, இரண்டு பெரிய ஆற்றுப் படுகைகளுக்கு இடையே படகு போக வழி செய்தது. சுற்றுலாக் கூட்டம் அதிகம் எட்டிப் பார்ப்பதில்லை.

காலமும் செலவும் சோறும்

மழை ஏப்ரல் முதல் ஜூன் வரை கொட்டும். 2024 ஜூன் வெள்ளம் 1998-க்குப் பிறகு குய்லின் கண்ட பெருவெள்ளம். நகர வீதிகளே மூழ்கின. ஆறு பொங்கினால் படகு நிற்கும், குளிர்காலத்தில் நீர் வற்றினால் படகு பாதி வழியில் திரும்பும். அக்டோபர், நவம்பர் மாதங்களே நல்லவை. ஆனால் அக்டோபர் முதல் வாரம் சீனாவின் தேசிய விடுமுறை. ரயில் சீட்டு விற்பனை தொடங்கியவுடன் தீர்ந்துவிடும், அறை வாடகை ஏறிவிடும்.

ரயிலுக்கும் படகுக்கும் பாஸ்போர்ட் எண்ணில்தான் சீட்டு. நிலையத்தில் பாஸ்போர்ட்டே சீட்டாகும். கடைகளில் பணம் செலுத்த உதவும் அலிபே, வீசாட் பே என்ற கைபேசிச் செயலிகள் இரண்டிலும் வெளிநாட்டு அட்டையை இணைத்துக்கொள்ளலாம். 200 யுவானுக்கு மேற்பட்ட பரிமாற்றத்துக்கு 3 சதவீதக் கட்டணம் பிடிக்கப்படும். ஓட்டலில் தங்கினால் காவல்துறைப் பதிவை ஓட்டலே செய்துவிடும். நண்பர் வீட்டில் தங்குபவர் 24 மணி நேரத்துக்குள் தாமே பதிய வேண்டும்.

உள்ளூரின் அன்றாடச் சாப்பாடு அரிசி நூடுல்ஸ். அதன் சாறு எலும்பு வேகவைத்து இறக்கியது. ‘கறி வேண்டாம்’ என்று சொன்னாலும் சாறு மாறாது. சைவர்கள் கோங்செங் மாவட்டத்து எண்ணெய்த் தேநீரையும் முதலில் விசாரித்த பின்பே குடிப்பது நலம். யாங்ஷுவோவின் பெயர்பெற்ற பண்டம் பீர் ஊற்றிச் சமைத்த மீன்.

ஐந்து இரவுகள் குய்லினுக்கு அளவானவை: நகரில் ஒன்று, லோங்ஜியில் ஒன்று, ஷிங்பிங்கிலோ யாங்ஷுவோவிலோ மூன்று. பத்து நாளையும் நிரப்ப வேண்டும் என்று தொலைவிலுள்ள சாங்ஜியாஜியே மலைப்பகுதியையும் இதோடு சேர்ப்பவர்கள் ரயில் ஜன்னல் வழியே நாட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். கடைசி இரவைக் குவாங்சோவில் வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. ஒரு ரயில் தவறினாலும் விமானம் தவறாது. கெடு தாண்டித் தங்கினால் நாளொன்றுக்கு 500 யுவான், அதிகபட்சம் 10,000 யுவான் அபராதம் அல்லது 5 முதல் 15 நாள் காவல் என்று சீனக் குடிவரவுச் சட்டம் சொல்கிறது. நோயோ விமானம் ரத்தாவதோ காரணமானால் கெடு முடியுமுன்பே உள்ளூர்க் காவல்துறையின் குடிவரவுப் பிரிவை அணுக வேண்டும். நாடுகளின் பட்டியலும் நுழைவாயில்களின் பட்டியலும் அடிக்கடி மாறுவதால், டிக்கெட் எடுக்குமுன் அன்றைய நிலையைக் கேட்டுக்கொள்ளவும். சீனக் குடிவரவு நிர்வாகத்தின் 12367 என்ற எண், 24 மணி நேரமும் சீனத்திலும் ஆங்கிலத்திலும் பதில் தருகிறது.