அலைமேற் செல்லும் பலகை

பசிபிக் பெருங்கடலின் நடுவே ஹவாய்த் தீவுகள் உள்ளன. பூகோளப் படத்தில் தேடும் மாணவன் நீலப் பரப்பில் சில புள்ளிகளையே காண்பான். அத்தீவு மக்கள், கரை நோக்கி வரும் பேரலையின் முகப்பில் ஒரு மரப்பலகையை இட்டு, அதன்மேல் கிடந்தும் நின்றும் கரை சேரும் கலையில் பன்னெடுங்காலமாகத் தேர்ந்திருந்தனர். 1779-ஆம் ஆண்டில் காப்டன் குக் அங்கே கொல்லப்பட்டபின் பயணக் குறிப்பை எழுதி முடித்த லெப்டினண்டு ஜேம்ஸ் கிங், இவ்விளையாட்டை வியப்போடு விவரித்திருக்கிறார். அந்தப் பலகை பழுதுபட்டால் அதைச் செப்பனிடுவது பற்றியே இன்று பேச விரும்புகிறேன். விளையாட்டுச் சாமானைப் பழுது பார்ப்பதில் என்ன சரித்திரம் இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். அரசர்களின் பட்டாபிஷேக வருஷங்களை மனப்பாடம் செய்வதே சரித்திரம் என்று கொண்டால், ஒன்றும் இல்லைதான்.

பண்டை ஹவாய் மக்களிடம் இருவகைப் பலகைகள் சிறப்பாக வழங்கின. மெல்லியதும் குட்டையானதும் ‘அலையா’. நீண்டு தடித்தது ‘ஓலோ’. ஓலோ பிரபுக்களுக்கு உரியது. ‘கோவா’ என்னும் உறுதியான மரத்தாலும், ‘விலிவிலி’ என்னும் இலேசான மரத்தாலும் இவற்றைச் செய்தனர். விலிவிலி வேறொன்றுமன்று, நம் ஊர்க் கல்யாண முருங்கையின் இனத்தைச் சேர்ந்த மரம். செதுக்கிய பலகையைப் பவளக் கல்லால் தேய்த்து வழவழப்பாக்கி, எண்ணெய் ஊட்டுவர். அலையாடி வந்தபின் வெயிலில் உலர்த்தி, மீண்டும் எண்ணெய் தடவி, மரப்பட்டைத் துணியில் சுற்றி வீட்டுக்குள் தொங்கவிடுவர். மரத்தின் பகைவன் ஈரம் என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நியர் கொண்டுவந்த நோய்கள் அத்தீவுகளின் ஜனத்தொகையை மிகவும் குறைத்துவிட்டன. 1820 முதல் வந்த பாதிரிமாரும் பழைய கேளிக்கைகளை ஆதரிக்கவில்லை. அலைப் பலகைகள் அருகின.

அவற்றுள் எஞ்சிய சில, ஹானலூலுவில் 1889-இல் நிறுவப்பெற்ற பிஷப் பொருட்காட்சிச் சாலையை அடைந்தன. 1855-இல் காலமான பாக்கி என்னும் பிரபுவின் இரண்டு ஓலோக்கள் அவற்றில் முக்கியமானவை. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 16 அடி நீளம். 150 இராத்தல் அளவு எடை. அப்பலகைகளைத் தூக்கி நிறுத்தவே இருவர் வேண்டும். 1920-களில் டாம் பிளேக் என்னும் அமெரிக்க இளைஞர் அங்கு வந்தார். விஸ்கான்ஸின் மாகாணத்தில் பிறந்த நீச்சல் வீரர் அவர். பராமரிப்பின்றிக் கிடந்த பழம் பலகைகளைச் செப்பனிட அவர் அனுமதி பெற்றார்.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று பார்ப்பவனுக்குப் பலகையின் வடிவம் மட்டும் தெரியும். செப்பனிடுபவனோ அதன் வளைவையும் தடிப்பையும் விளிம்பையும் உள்ளங்கையால் அறிந்தாக வேண்டும். பிளேக் அவ்வாறு அறிந்த வடிவத்திலேயே தமக்கொரு பலகை செய்தார். எடையைக் குறைக்க அதில் நூற்றுக்கணக்கான துளைகளை இட்டு, மேலே மெல்லிய மரத் தகட்டால் மூடினார். பின்னர் ஆகாய விமானத்தின் இறக்கையைப் போல் உள்ளே சட்டங்கள் வைத்து, முற்றிலும் உள்ளீடற்ற பலகையை உருவாக்கி, 1932-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். பழையதைச் செப்பனிடப் போனவர் புதியதைக் கண்டார்.

புதியது வந்தவுடன் புதிய பழுதும் வந்தது. பொருத்துவாயில் மயிரிழை விரிசல் கண்டாலும் உள்ளே நீர் புகும். ஆகவே நீரை வடிக்கப் பலகையிலேயே ஒரு துளையும் தக்கையும் வைக்க வேண்டியதாயிற்று.

இக்குறையைத் தீர்க்க உதவிய பொருள் யுத்தத்தோடு வளர்ந்தது. கண்ணாடியை உருக்கி நூலாக இழுக்கும் முறை 1930-களில் அமெரிக்காவில் தேர்ச்சி பெற்றிருந்தது. அந்நூலில் நெய்த துணியை ரெசின் என்னும் செயற்கைப் பிசினில் தோய்த்தால், இறுகியபின் எடை குறைந்த, உறுதியான ஓடு கிடைக்கும். ரேடார் அலைகள் அதனூடே செல்லுமாதலால், இரண்டாம் உலகப் போரின்போது விமானங்களின் ரேடார் கருவிகளுக்கு உறையாகப் பயன்பட்டது. போர் முடிந்ததும், 1946-இல், கலிபோர்னியாவில் பீட் பீட்டர்ஸன் என்பவர் இப்பொருளால் அலைப் பலகை செய்தார். பிறகு பால்சா என்னும் மிக இலேசான மரத்தின்மேல் இவ்வோட்டைப் போர்த்தினர். 1958 அளவில் ஹோபி ஆல்ட்டரும் கோர்டன் கிளார்க்கும் மரத்திற்குப் பதிலாகப் பாலியூரிதேன் நுரையைப் பயன்படுத்தலாயினர். அன்றுமுதல் பலகையின் உள்ளே இருப்பது விரலால் அழுத்தினால் குழியும் பொருள். உறுதி முழுவதும் தோலில்தான்.

தோல் கிழிந்தால் என் செய்வது? முதலில் நீரிலிருந்து வெளியே எடுக்க வேண்டும்; நுரை நீரைக் குடிக்கும். கால் வழுக்காதிருக்க மேலே தேய்த்த மெழுகைச் சுரண்டி நீக்க வேண்டும். பிய்ந்த ஓட்டை அறுத்தெறிந்து, நாட்கணக்கில் நிழலில் காயவிட வேண்டும். ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் ஒட்டு நில்லாது. பின்னர்ச் சுற்றிலும் உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, பள்ளத்தைப் பிசின் கலவையால் நிரப்பி, அதன்மேல் சிறியதும் பெரியதுமாக இரு கண்ணாடித் துணித் துண்டுகளை வைத்துப் பிசின் ஊட்ட வேண்டும். நூறு பங்குப் பிசினுக்கு இறுக்கும் திரவம் ஒன்று அல்லது இரண்டு பங்கே. மிகுந்தால் கலவை கிண்ணத்திலேயே கொதித்து இறுகிவிடும். அத்திரவம் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். தூளும் ஆவியும் நுரையீரலுக்கு ஆகா. கண்ணாடியும் கையுறையும் தக்க முகமூடியும் இன்றி யாரும் இதைத் தொடலாகாது.

இரசாயன மாணவர்களுக்கு ஒரு விந்தை. காற்றுப் படும் மேற்பரப்பில் பாலியெஸ்டர்ப் பிசின் எளிதில் இறுகாது; பிசுபிசுப்பாகவே இருக்கும். ஆகவே கடைசிப் பூச்சில் சிறிது மெழுகு கலப்பர். மெழுகு மேலே மிதந்து வந்து காற்றைத் தடுக்க, அடியில் பிசின் கல்லாகும். இன்னொன்று: சில பலகைகளின் உள்ளே பாலிஸ்டைரீன் நுரை இருக்கும். பாலியெஸ்டர்ப் பிசின் அதனைக் கரைத்துவிடும். எபாக்ஸிப் பிசினே அதற்கு உகந்தது.

இதே துணியும் பிசினும் நம் கடற்கரைக்கும் வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. முன்னெல்லாம் கட்டுமரத்தைக் கரையேற்றியதும் கட்டவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே உலர வைப்பார்கள். 2004 டிசம்பரில் நேர்ந்த ஆழிப்பேரலைக்குப் பின் பைபர் படகுகள் பெருகின. பணி ஓய்வுக்குப் பின் மாலை நேரங்களில் கடலோரம் நடக்கும்போது, அவற்றைச் செப்பனிடுவோரை நான் நின்று பார்ப்பதுண்டு. ஒருவர் விரல் முட்டியால் படகை அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே வந்தார். “எதற்கப்பா தட்டுகிறாய்?” என்றேன். “உள்ளே விட்டுப்போன இடம் சத்தத்துலயே தெரிஞ்சிடும், சார்” என்று சொல்லி, மந்தமாக ஒலித்த இடத்தில் கரித்துண்டால் ஒரு வட்டமிட்டுவிட்டு மேலே தட்டிச் சென்றார்.