எடைக்கருவி காட்டாத இழப்பு: நுரையீரல் புற்றுநோயில் தசை அளவீட்டின் வரலாறு

நுரையீரல் புற்றுநோயாளி மெலிவதை மருத்துவம் நெடுங்காலம் எடைக்கருவியைக் கொண்டே கணக்கிட்டு வந்தது. சிகிச்சைக்கு முன்பே எடை இழந்தவர்களின் ஆயுள் குறைகிறது என்பதை 1980இல் டிவைஸ் குழுவினரின் அமெரிக்க ஆய்வு 3,047 நோயாளிகளின் பதிவுகளைக் கொண்டு நிறுவியது. ஆனால் குறைந்த கிலோக்களில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று எடைக்கருவியால் பிரித்துச் சொல்ல முடியாது. உடலில் நீர் கோத்துக்கொண்டால் இழப்பே மறைந்துவிடும்.

பிரித்தறியும் வழி வேறொரு தேவைக்காகப் பிறந்தது. 1971 அக்டோபரில் லண்டன் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் முதல் நோயாளிக்கு எடுக்கப்பட்ட சி.டி. ஸ்கேன், மூளையைப் பார்ப்பதற்கானது. அதை உருவாக்கிய காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரில் அமைந்த அலகில் நீர் 0, காற்று -1000. தசை -29 முதல் +150 வரையிலும், கொழுப்பு ஏறத்தாழ -190 முதல் -30 வரையிலும் அமைகின்றன. படத்தின் ஒவ்வொரு புள்ளியும் எண்ணாக இருப்பதால் திசுவின் பரப்பைக் கணக்கிட முடிந்தது. 1979இல் ஹெய்ம்ஸ்ஃபீல்டு ஊட்டக்குறைவுள்ளோரின் கைத்தசையை இவ்வாறு அளந்தார். 1980களில் ஸ்வீடனின் கோத்தன்பர்க் ஆய்வாளர்கள் முழு உடலுக்கும் இம்முறையை விரித்தனர்.

அளப்பதற்காக மட்டும் ஒருவரைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்துவது எளிதில் நியாயப்படுத்தக்கூடியதல்ல. 2004இல் ஷென் குழுவினர், வயிற்றின் ஒரே குறுக்குவெட்டுப் படம் முழு உடலின் தசையோடும் கொழுப்போடும் நெருங்கிப் பொருந்துவதைக் காட்டினர். கனடாவின் ஆல்பர்ட்டாவில் விக்கி பாரகோஸ், கார்லா பிராடோ உள்ளிட்டோர் அதைப் புற்றுநோயாளிகளிடம் கொண்டுவந்தனர். இவ்வரலாற்றின் திருப்புமுனை இதுவே என்பேன். நோயின் நிலையை அறிய எடுத்த ஸ்கேன் ஏற்கெனவே கோப்பில் இருந்தது. அதை மறுபடி வாசித்தாலே போதுமானதாயிற்று.

அவர்கள் தேர்ந்தது மூன்றாம் இடுப்பு முள்ளெலும்பு மட்டம். எலும்பின் இருபக்க நீட்சிகளும் தெளிவாகத் தெரியும் படத்தில் முதுகுத்தசை, இடுப்பின் உட்தசை, வயிற்றுச்சுவர்த் தசை ஆகியவற்றை மென்பொருளில் ஒரு நிறத்திலும், குடலைச் சூழ்ந்த கொழுப்பையும் தோலடிக் கொழுப்பையும் வேறு நிறங்களிலும் குறிப்பார்கள். தசைப் பரப்பைச் சதுர சென்டிமீட்டரில் கணக்கிட்டு, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் தசைக் குறியீடு கிடைக்கும். தசைக்குள் கொழுப்பு ஊடுருவியிருந்தால் அதன் ஹவுன்ஸ்ஃபீல்டு எண்ணும் தாழ்ந்திருக்கும்.

2010இல் வெளியான, 441 நுரையீரல் புற்றுநோயாளிகளின் ஆய்வு பழைய நம்பிக்கையை அசைத்தது. உடல் நிறைக் குறியீட்டின்படி எடை குறைந்தவர்கள் 7.5% மட்டுமே, தசை குன்றியவர்களோ 46.8%. பார்வைக்குப் பருமனாக இருந்தவர்களுக்குள்ளும் அந்த இழப்பு ஒளிந்திருந்தது. 2013இல் நுரையீரல், இரைப்பை, குடல் புற்றுநோயாளிகள் 1,473 பேரை ஆராய்ந்த லிசா மார்ட்டின் குழு, எடையிழப்பு, தசைக்குறைவு, தசையின் தாழ்ந்த அடர்த்தி மூன்றும் சேர்ந்தவர்களின் இடைநிலை ஆயுள் 8.4 மாதம் என்றது. மூன்றும் இல்லாதவர்களுக்கு அது 28.4 மாதம்.

சிக்கல்களும் உண்டு. மார்பு ஸ்கேன் பல நேரம் இடுப்புவரை இறங்குவதில்லை. அதனால் பன்னிரண்டாம் மார்பு முள்ளெலும்பு, முதல் இடுப்பு முள்ளெலும்பு மட்டங்களையும் நாடுகிறார்கள். 2008இல் ஆல்பர்ட்டா குழு தசைக்குறைவைக் கணிக்க ஆண்களுக்கு வகுத்த 52.4 என்ற தசைக் குறியீட்டு எல்லை பருமனான கனடியர்களிடம் கண்டது. ஜப்பானியக் கல்லீரல் மருத்துவச் சங்கம் ஆண்களுக்கு 42 என்று வைத்திருக்கிறது. கனடிய எல்லையை இந்திய உடல்களுக்கு அப்படியே பொருத்துவதை நான் ஏற்கமாட்டேன்.

சிகிச்சையிலும் இந்த அளவீட்டின் தேவை கூடியிருக்கிறது. 2016இல் வெளியான அனமோரெலின் மருந்து ஆய்வுகளில் கொழுப்பு நீங்கலான உடல் நிறை கூடியும் கைப்பிடி வலு கூடவில்லை. அவை டெக்ஸா ஸ்கேனால் அளந்தவை. அம்முறை தசையை மட்டும் தனியே பிரித்துக் காட்டாது. 2024இல் ஜி.டி.எஃப்-15 புரதத்தைத் தடுக்கும் பொன்செக்ரோமாப் மருந்து 187 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டபோது, எடையோடு இடுப்பு மட்டத் தசைக் குறியீடும் சி.டி. படத்தில் அளக்கப்பட்டது. மிகுந்த அளவு மருந்து பெற்றவர்களிடம் இரண்டும் மேம்பட்டிருந்தன.