செட்டு மாத்திரையின் சரித்திரம்

எங்கய்யா திண்டுக்கல்லில் தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். இருபத்தாறு வருசம் சுண்ணாம்புத் தொட்டியில் நின்ற கால்கள் அவருடையவை. ஊறிய தோலைத் தூக்குவதென்றால் செத்த மாட்டைத் தூக்குவது மாதிரி. குனிவது, இழுப்பது, தோளில் போடுவது, மறுபடி குனிவது. சாயங்காலம் அவர் தெருவுக்குள் நுழையும் முன்னே வாடை வந்துவிடும். அவர் சட்டைப் பையில் எப்போதும் மூன்று சாமான் இருக்கும். பீடிக்கட்டு, தீப்பெட்டி, தாளில் மடித்த ஒரு பொட்டலம்.

பொட்டலத்தில் இருப்பது செட்டு மாத்திரை. வெள்ளையில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, ரோஸில் ஒன்று. மெடிக்கல் கடையில் போய் 'ஒடம்பு வலிக்கு ஒரு செட்டு குடுங்க' என்றால் டப்பாவிலிருந்து எண்ணிப் போட்டு மடித்துக் கொடுப்பார்கள். பேர் கிடையாது, கம்பெனி கிடையாது, தேதி கிடையாது. டாக்டர் சீட்டையும் யாரும் கேட்டதில்லை. எங்கள் தெருவில் அரிசி பருப்புக்கு அடுத்த செலவு அதுதான்.

எங்கம்மா இன்றைக்கும் சொல்வாள்: "காலையில ஒன்னு போட்டாத்தான் குனிய முடியும், ராத்திரி ஒன்னு போட்டாத்தான் நிமிர முடியும்னு சொல்லுவாரு ஒங்கய்யா. சோத்த மறந்தாலும் அத மறக்க மாட்டாரு. வெறும் வயித்துல வரக்காப்பியோட போட்டுக்கிட்டுக் கெளம்பிருவாரு."

ஒரு வருசம் ஐப்பசியில் அவருக்குக் கால் வீங்கியது. பிறகு முகம் வீங்கியது. மூத்திரம் குறைந்துபோனது. பெரியாசுபத்திரியில் இரண்டு கிட்னியும் சுருங்கிவிட்டது என்றார்கள். அங்கே ஒரு இளம் டாக்டர் எங்களைப் பார்த்து, "வலி மாத்திரை ரொம்ப நாளா சாப்பிட்டாரா?" என்று கேட்டார். எங்கம்மாவுக்குக் கேள்வியே புரியவில்லை. "எல்லாருந்தான் சாமி சாப்பிடுறோம்" என்றாள். நாலு மாதத்தில் அய்யா போய்விட்டார்.

மாத்திரைதான் அவரைக் கொன்றது என்று நான் ஒற்றை வரியில் எழுத மாட்டேன். பார்க்காமலே விட்ட ரத்தக் கொதிப்பு இருந்திருக்கலாம். ஷாப்புத் தண்ணீர் இருந்திருக்கலாம். ஆனால் அந்த டாக்டர் கேட்ட கேள்வியை நான் விடவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு படித்ததுதான் இந்தக் கட்டுரை. நம் உடம்புக்கு யாரும் வரலாறு எழுதி வைக்கவில்லை. நாமே எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

முதலில் இந்த மாத்திரைகள் உள்ளே போய் என்ன செய்கின்றன என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பிரின் 1899இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. அது எப்படி வலியைக் குறைக்கிறது என்பது 1971இல்தான் விளங்கியது. விளக்கிய ஜான் வேனுக்கு 1982இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அடிபட்ட இடத்தில் உடம்பு புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரக்கிறது. வலியும் வீக்கமும் அதனால் கூடுகின்றன. ஆஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் எல்லாம் அந்தச் சுரப்பை அடைக்கின்றன. வலி அடங்குகிறது. சிக்கல் என்னவென்றால் அதே பொருள்தான் வயிற்றின் உள்தோலை அமிலத்திலிருந்து காக்கிறது. உடம்பில் தண்ணீர் வற்றும்போது கிட்னிக்கு ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்வதும் அதுதான். வலியை அடைக்கிறவன் கூடவே இந்த இரண்டு காவலையும் எடுத்துவிடுகிறான்.

இப்போது தோல் ஷாப்பை நினைத்துப் பாருங்கள். சித்திரை வெயில். காலையிலிருந்து வியர்த்துக் கொட்டுகிற உடம்பு. வயிற்றில் சோறில்லை, குடிக்கத் தண்ணீர் போதவில்லை. அதற்கு மேல் மாத்திரை. மில்லுக்குள்ளும் செங்கல் சூளையிலும் நடவு வயலிலும் இதுதான் கதை. ஏசி அறையில் உட்கார்ந்து எப்போதாவது ஒன்று போடுகிறவருக்கும் நமக்கும் மாத்திரை ஒன்றுதான். உடம்பு நிற்கிற இடம் வேறு.

பாராசிட்டமால் வேறு வகை. வயிற்றையும் கிட்னியையும் அந்த அளவுக்குக் கடிக்காது, ஆனால் அளவு மீறினால் ஈரலைத் தாக்கும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராமுக்கு மேல் போகக் கூடாது. 500 மில்லிகிராம் மாத்திரையில் அது எட்டு. குடிப் பழக்கமும் பட்டினியும் உள்ளவருக்கு அந்த அளவே அதிகம். சளிக்கு ஒன்று, காய்ச்சலுக்கு ஒன்று, தலைவலிக்கு ஒன்று என்று மூன்று பேரில் வாங்கினாலும் மூன்றுக்குள்ளும் பாராசிட்டமால் இருக்கலாம். பேரே தெரியாத பொட்டலத்தில் எதை வைத்துக் கணக்குப் பார்ப்பது?

சுவீடன் நாட்டில் ஹுஸ்க்வார்னா என்று ஒரு ஊர். துப்பாக்கியும் தையல் மிஷினும் செய்த பெரிய தொழிற்சாலை அங்கே இருந்தது. 1918இல் விஷக்காய்ச்சல் உலகத்தையே வாரிக்கொண்டு போனபோது, அங்கே ஒரு டாக்டர் ஃபெனாசிட்டின் கலந்த பொடி ஒன்றை எழுதிக் கொடுத்தார். காய்ச்சல் போய்விட்டது. பொடி போகவில்லை. வேலைக்கு வேகம் கிடைக்கிறதென்று தொழிலாளிகள் அதை வருசக் கணக்கில் தின்றார்கள். பிறகு அந்த ஊரில் கிட்னிச் சாவு கூடியது. சுவிட்சர்லாந்தில் கடிகாரத் தொழிற்சாலைப் பெண்களும் இதே வகை மாத்திரைக்குப் பழகியிருந்தார்கள். வலி மாத்திரையால் கிட்னி அழுகுவதை 1953இல் முதலில் எழுதியவர்கள் அந்த நாட்டு டாக்டர்கள். அமெரிக்காவில் ஃபெனாசிட்டினை நிறுத்த 1983 ஆனது. ஆக, இந்த நோய் உலகத்துக்குத் தெரியவந்ததே தொழிற்சாலைப் பட்டறையில்தான். பணக்காரன் வீட்டுப் படுக்கையறையில் இல்லை. கட்டாய வேகத்தில் ஓடுகிற மிஷினுக்கு ஈடுகொடுக்க மனிதன் தன் உடம்புக்குள் போட்டுக்கொண்ட எண்ணெய் அது.

அடுத்தது எங்கள் தாத்தாவிடம் போக வேண்டும். ஊரில் மாடு செத்தால் எங்கள் தெருவுக்கு ஆள் வரும். சாதி இந்துக்கள் உயிரோடு கும்பிட்ட மாடு செத்த நிமிசத்தில் எங்கள் மாடாகிவிடும். தாத்தா இழுத்துக்கொண்டு போய்ப் பொட்டலில் போட்டு உரிப்பார். தோல் திண்டுக்கல்லுக்கு ஏறும். அவர் நகர்ந்ததும் பிணந்தின்னிக் கழுகுகள் இறங்கும். "நம்மளும் அதுவும் ஒரே வேலக்காரக" என்பாராம் தாத்தா. இந்த இழிதொழிலை விட்டொழியுங்கள் என்று பாபாசாகேப் 1927இல் மகாத்தில் சொன்னார். நம்மில் பலர் விட்டோம். விட வைக்கப் பல ஊரில் சண்டையும் போட்டோம்.

கழுகும் போய்விட்டது. ஆனால் அது போனது வேறு காரணத்தால். 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுக் கழுகு ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுக்கு அற்றுப்போனது. ஏனென்று யாருக்கும் விளங்கவில்லை. 2004இல் விடை வந்தது. மாட்டின் கால்வலிக்கும் மடிவீக்கத்துக்கும் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசி. அந்த மாடு செத்து, அதைத் தின்ற கழுகு கிட்னி கெட்டுச் செத்தது. எங்கய்யா பொட்டலத்தில் வந்துபோன அதே சரக்கு. அதே உறுப்பு. 2006இல் மாட்டுக்கு அந்த மருந்தை அரசு தடை செய்தது. மனிதர்களுக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள் என்பதால் 2015இல் 3 மில்லிக்கு மேற்பட்ட குப்பியையும் தடை செய்தது. 2023இல் கீட்டோபுரூஃபனும் அசிக்ளோஃபெனாக்கும் மாட்டுக்குத் தடையாயின.

கழுகுக்குத் தடை வந்ததில் எனக்குச் சந்தோசம்தான். தாத்தாவின் கூட்டாளி அது. ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டியிருக்கிறது. கழுகு செத்தபோது எண்ணினார்கள். அறுத்துப் பார்த்தார்கள். எங்கள் தெருவில் கால் வீங்கிச் செத்தவர்களை யார் எண்ணினார்கள்?

இன்னொரு கணக்கும் உண்டு. தோல் ஷாப்புக் கழிவைப் பற்றிய வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னது. வேலூர்ப் பகுதியோடு திண்டுக்கல் ஷாப்புகளும் அதில் அடக்கம். ஷாப்பு ஒன்றுக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம். கெட்டுப்போன சூழலுக்கும் பாதிக்கப்பட்டவர்களுக்கும் நட்டஈடு கணக்கிட ஓர் ஆணையம். நல்ல தீர்ப்பு. கிணறு கெட்டதைச் சோதித்துச் சொல்ல முடிந்தது, நிலம் கெட்டதைப் பட்டாவை வைத்துக் காட்ட முடிந்தது. எங்கய்யா இடுப்புக்குப் பட்டா இல்லை. நம் எழுத்தாளர்கள்தான் கொஞ்சமாவது பதிவு செய்தார்கள். திண்டுக்கல்லில் வக்கீலாக இருந்த டி. செல்வராஜ் இந்தத் தொழிலாளர்களை வைத்து எழுதிய 'தோல்' நாவலுக்கு 2012இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது.

தோல் ஷாப்பு ஒவ்வொன்றாகக் குறைந்தபோது நம் பிள்ளைகள் மில்லுக்குப் போனார்கள். வேடசந்தூர் ரோட்டில் விடியுமுன்னே மில் பஸ் வரும். சுமங்கலித் திட்டம் என்று மூன்று வருசம் ஹாஸ்டலில் அடைத்துவைத்து, கடைசியில் கல்யாணச் செலவுக்கு ஒரு தொகை என்று ஆசை காட்டினார்கள். போனவர்களில் நம் சேரிப் பெண்கள் ஏராளம்.

2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிலாளிப் பெண்கள் சுமார் 100 பேரிடம் பேசி ஒரு விசாரணையை வெளியிட்டது. மாதவிடாய் வலி என்று சொன்னால் லீவு கிடையாது, ஒரு மாத்திரை கையில் விழும். உறை இல்லை, பேர் இல்லை. கொடுப்பவர் பெரும்பாலும் நர்சோ டாக்டரோ இல்லை, சூப்பர்வைசர். பேசியவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அதனால் உடம்பு கெட்டதாகச் சொன்னார்கள். அந்த மாத்திரைகள் இபுபுரூஃபன் வகையைச் சேர்ந்தவை என்பது பார்த்துச் சொன்ன மருத்துவர்களின் கருத்து. படித்தபோது எனக்கு எங்கய்யாவின் பொட்டலம் ஞாபகம் வந்தது. ஒரே வித்தியாசம். அய்யா தன் காசில் வாங்கினார். இவர்களுக்கு முதலாளி கொடுக்கிறார். ஐந்து காசு மாத்திரையில் அரை நாள் உற்பத்தி மிச்சம்.

1948ஆம் வருசத் தொழிற்சாலைகள் சட்டம் 45ஆம் பிரிவில் முதலுதவிப் பெட்டியைப் பயிற்சி பெற்றவர் பொறுப்பில் வைக்கச் சொன்னது. 500 பேருக்கு மேல் வேலை செய்தால் மருத்துவ அறை வேண்டும் என்றது. எழுபது வருசம் சட்டம் இருந்தும் சூப்பர்வைசர் பையில்தான் மாத்திரை இருந்தது.

என் தங்கை மகள் ஒரு மில்லில் இரண்டு வருசம் இருந்தாள். எந்த மில் என்பது இங்கே வேண்டாம். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "மாமா, வயித்து வலின்னு ஒக்காந்தா 'நடிக்கிறியா'ம்பாங்க. மாத்திரையப் போட்டுட்டு நின்னாத்தான் நம்புவாங்க. பாத்ரூம் போனா நேரம் குறிப்பாங்கன்னு தண்ணியே குடிக்க மாட்டோம்." தண்ணீர் குடிக்காத உடம்பில் அந்த மாத்திரை என்ன செய்யும் என்று மேலே எழுதியிருக்கிறேன். திரும்பப் படித்துக்கொள்ளுங்கள்.

உழைக்கிற சாதிக்கு வலி வராது என்று ஒரு நம்பிக்கை இந்த நாட்டில் உண்டு. வந்தால் அது சோம்பேறித்தனம், நடிப்பு. வலி என்பது உடம்பு சொல்கிற சாட்சி. மாத்திரை அந்தச் சாட்சியை மௌனமாக்குகிறது. சுமை குறையவில்லை, தொட்டியின் ஆழம் குறையவில்லை, ஷிப்டு நேரம் குறையவில்லை. சொல்கிற வாய் மட்டும் அடைபட்டது.

அதற்காக மாத்திரையைத் தொடாதே என்று நான் சொல்லவில்லை. வலியைப் பொறுத்துக்கொள் என்று நமக்கு உபதேசம் செய்தவர்கள் ஏற்கெனவே அதிகம். வலிக்கு மருந்து நம் உரிமை. பேரும் அளவும் தெரிந்த மருந்தாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். வெறும் வயிற்றில் வேண்டாம். இரண்டு மூன்று நாளுக்கு மேல் தேவைப்பட்டால் டாக்டரிடம் போக வேண்டும். கொதிப்பு, சர்க்கரை, கிட்னிக் கோளாறு, வயிற்றுப்புண் உள்ளவர்கள் கேட்காமல் தொடக் கூடாது. கர்ப்பிணிகளும் அப்படித்தான். டெங்கு சந்தேகம் இருந்தால் ஆஸ்பிரினும் இபுபுரூஃபனும் டைக்ளோஃபெனாக்கும் ரத்தக்கசிவைக் கூட்டிவிடும். மலம் கறுப்பாகப் போனாலோ, கால் வீங்கி மூத்திரம் குறைந்தாலோ அன்றைக்கே ஓட வேண்டும். வருசக் கணக்கில் செட்டு மாத்திரை தின்றவர்கள் அரசு ஆஸ்பத்திரியில் ரத்தத்தில் கிரியாட்டினின் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். சின்னப் பரிசோதனைதான்.

இதெல்லாம் தனி ஆள் ஜாக்கிரதை. அது பாதிதான். 2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கம் 20 வயதுத் தலித் பெண் தொழிலாளி ஒருவர் சூப்பர்வைசரால் கொலை செய்யப்பட்டார். அதற்குப் பிறகு, தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் காமன் லேபர் யூனியன் விடாமல் போராடி, 2022 ஏப்ரலில் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' என்று உலகம் சொல்கிற ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. பாலியல் வன்முறைக்கும் சாதிக் கொடுமைக்கும் எதிராகத் தொழிலாளிப் பெண்களே கண்காணிக்கும் ஏற்பாடு அது. சூப்பர்வைசரைப் பார்த்துக் கேள்வி கேட்கலாம் என்று ஆன இடத்தில்தான், மாத்திரையைப் பார்த்தும் கேள்வி கேட்க முடியும்.

என் தங்கை மகள் மில்லை விட்டு நிற்பதற்குக் கொஞ்சநாள் முந்தி ஒரு காரியம் செய்தாளாம். கையில் விழுந்த மாத்திரையை வாயில் போடவில்லை. "இதுக்கு என்ன பேரு?" என்று கேட்டாள். சூப்பர்வைசருக்குத் தெரியவில்லை. அட்டையைக் காட்டுங்கள் என்றாள். அட்டை இல்லை. பக்கத்து மிஷின்காரப் பெண்களும் கையை விரித்து மாத்திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். அன்றைக்கு அந்த வரிசையில் யாரும் விழுங்கவில்லை.

எங்கம்மாவிடம் இதைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "நம்மளும் அன்னைக்கிக் கேட்டிருக்கலாம்டா" என்றாள்.