பழைய ஈசிஜி பத்திரம்

சிவகாசியில் பட்டாசு ஆலை ஒன்றில் கணக்கு எழுதுகிற என் சித்தப்பா மகனுக்கு 36 வயசு. ஒருநாள் காலையில் நெஞ்சு வலி. ஈசிஜியில் எஸ்டி பகுதி மேலே தூக்கி நின்றது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவதா, 70 கிலோமீட்டர் தள்ளி மதுரைக்கு அனுப்புவதா என்று பேச்சு. அப்போது சித்தி மஞ்சப்பையிலிருந்து இரண்டு வருஷப் பழைய ஈசிஜியை எடுத்து நீட்டினார். அதிலும் அதே மேடு!

அந்த மேட்டின் வரலாற்றைத் தேடிப் போனேன். ஈசிஜிக்காக ஐந்தோவன் நோபல் பரிசு பெற்றது 1924-ல். அதற்கு முன்பே, 1920-ல், நியூயார்க் மருத்துவர் ஹெரால்ட் பார்டீ கரோனரி அடைப்புக்கு அடையாளமாக இந்த மேட்டை விவரித்துவிட்டார். ஆனால் 1936-ல் ஷிப்லியும் ஹாலரனும் ஆரோக்கியமான 200 பேரின் பதிவுகளை ஆராய்ந்தபோது, சிலருக்கு அங்கேயும் மேடு இருந்தது. இதயத்தின் மின் அமைப்பே அவர்களுக்கு அப்படி. இளம் ஆண்களிடம் இது அதிகம். இதயவுறை அழற்சியும் இதே வேஷம் போடும்.

எங்க தொழிலில் பொய் அலாரம் அடித்தால் தூக்கம்தான் கெடும். இங்கே கதை வேறு. தேவையில்லாமல் போட்ட ஊசி மூளையில் ரத்தக்கசிவை உண்டாக்கலாம். தேவையானபோது போடாவிட்டால் இதயத் தசை நிமிஷத்துக்கு நிமிஷம் சாகும். மருத்துவர்கள் பார்ப்பது மேட்டை மட்டுமல்ல. எதிர்ப்பக்க லீடுகளில் பள்ளம் விழுந்திருக்கிறதா? கால் மணி நேரத்தில் வரைபடம் மாறுகிறதா? அடைப்பு என்றால் பெரும்பாலும் மாறும். இயல்பான மேடு அநேகமாக அப்படியே நிற்கும்.

சிறிய ஊரில் இதை யார் தீர்மானிப்பது? 2012 முதல் 2014 வரை தமிழ்நாட்டில் நடந்த ஸ்டெமி திட்டம் இதற்கு ஒரு வழி காட்டியது. சிறிய மருத்துவமனைகளைப் பெரிய இதய மையங்களோடு 4 குழுமங்களாக இணைத்தார்கள். ஈசிஜி முன்னால் போனது, நோயாளி பின்னால் போனார். 2017-ல் வெளியான முடிவின்படி, 2,420 நோயாளிகளைக் கொண்ட அந்த ஆய்வில், ஓராண்டுக்குள் இறந்தவர்களின் விகிதம் 17.6-லிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தது.

தம்பிக்கு ஈசிஜியைத் திரும்பத் திரும்ப எடுத்தார்கள். மாற்றமில்லை. இரண்டு முறை பார்த்த ட்ரோபோனினும் இயல்பு. பழைய ஈசிஜி மட்டும் அவனை விடுவிக்கவில்லை. ஆனால் அவசரப்பட்டு ஊசி போடாமல் நிதானிக்க வைத்தது அதுதான்.

வலி வந்தால் 'கேஸ்' என்று சோடா குடித்துக் காத்திருக்காதீங்க, 108-ஐக் கூப்பிடுங்க. கிளம்பும்போது பழைய ஈசிஜியையும் எடுத்துக்கோங்க. வெப்பத்தாளில் எடுத்தது நாளாக ஆக மங்கிவிடும். இன்றைக்கே போனில் ஒரு படம் எடுத்து வைங்க.